சர்க்கரை இறங்கும் நேரம்

மார்ச் 4

அக்காவுக்கு,

நலமா என்று கேட்டுத் தொடங்கினால் அந்த வரியோடு கடிதத்தை மடித்து அலமாரிக்கு மேலே எறிந்துவிடுவாய். அதனால் கேட்கவில்லை. நம் பிஸ்கட் கம்பெனி வாசலில் நடந்த சண்டைக்குப் பிறகு உன் போனுக்கு அடித்து அடித்து என் விரல் தேய்ந்ததுதான் மிச்சம். இப்போது அடிக்கவும் முடியாது. இங்கே வந்த அன்றே போனை வாங்கி ஒரு உறையில் போட்டு ஒட்டிவிட்டார்கள்.

சிறை இல்லை, பயப்படாதே. இது ஓர் ஆராய்ச்சி நிலையம். சாப்பிட்ட சாப்பாட்டை மனிதனின் உடம்பு உள்ளே என்ன செய்கிறது என்று பார்க்கிறார்கள். அதற்கு ஆள் வேண்டும். பெரிய வியாதி இல்லாத, வேலை இல்லாத, போக்கிடமும் இல்லாத ஆள். எனக்கு மூன்றும் பொருந்திவிட்டது. சாப்பாடு, படுக்கை, போகும்போது கையில் கொஞ்சம் காசு. வசதியான வீட்டுப் பிள்ளை ஒருவன்கூட இங்கே இல்லை. பக்கத்து அறையில் ஒரு லாரிக்காரர். எதிரே, மூடிப்போன துணிக்கடையில் கணக்கு எழுதியவர். விஞ்ஞானத்துக்கு எங்களைப் போன்றவர்களின் வயிறுதான் பிடித்திருக்கிறது.

என் அறையைக் கேள். ஒரு கட்டில், ஒரு மேஜை, ஓடாத சைக்கிள் ஒன்று. கதவைச் சுற்றி ரப்பர். மூடினால் காற்றுகூட அவர்கள் விடும் குழாய் வழியாகத்தான் வரும், போகும். நான் விடும் மூச்சை மெஷின் முகர்ந்து பார்த்து, இவனுக்குள் இப்போது எரிவது சர்க்கரையா, கொழுப்பா என்று சொல்லிவிடுகிறது. கையில் ஒரு வில்லை ஒட்டியிருக்கிறார்கள். அது ரத்தத்தில் சர்க்கரை ஏறுவதையும் இறங்குவதையும் பார்த்து, வெளியே ஒரு திரையில் கோடாகப் போட்டுக்கொண்டே இருக்கும். சாப்பாடு சுவரில் இருக்கும் பெட்டி வழியாக வரும். அந்தப் பக்கக் கதவை மூடினால்தான் என் பக்கக் கதவு திறக்கும். கடிதமும் அதே வழிதான்.

போன் ஏன் கூடாது என்று ஆய்வாளரம்மாவிடம் கேட்டேன். கோபப்பட்டாலும் பதறினாலும் உடம்பு அதிகமாக எரிக்குமாம், கணக்குக் கெட்டுவிடுமாம். "அப்ப எங்க அக்காகிட்ட பேசினா உங்க மெஷினே வெடிச்சிரும்மா" என்றேன். அவர் சிரிக்கவில்லை. "லெட்டர் எழுதுங்க, அது பரவாயில்ல" என்றார்.

மூன்று விதமான சாப்பாடு மாறி மாறி வரும். ஒரு நாள் சர்க்கரையும் மாவும் கரைத்த பானம். ஒரு நாள் முட்டையும் வேகவைத்த பயறும். ஒரு நாள் வெண்ணெயும் பாலாடையும். மூன்றிலும் சக்தி ஒரே அளவுதான். உடம்புதான் மூன்றையும் மூன்று விதமாக நடத்துகிறது.

முதல் நாள் அந்தப் பானம் வந்தது. வெதுவெதுப்பாக, வெனிலா வாசனையோடு. மூக்கில் பட்டதும் நாம் குடியிருந்த சலவைக்கடை மாடி அறைக்கே போய்விட்டேன். கம்பெனியிலிருந்து காற்று நம் பக்கம் அடித்தால் நீ படுத்தபடியே சொல்வாய், "இன்னிக்கு இஞ்சி பிஸ்கட்டுடா", "இன்னிக்கு வெண்ணெய்". காலண்டரே தேவைப்படாத வீடு அது.

எழுதாவிட்டாலும் பரவாயில்லை. நான் எழுதுவேன். இங்கே வேறு வேலை இல்லை.

குச்சி


மார்ச் 9

குச்சிக்கு,

கடிதம் வந்தது. அலமாரிக்கு மேலே போடவில்லை. அங்கே இடமில்லை.

எலிக்குச் செய்வதை உனக்குச் செய்கிறார்கள் என்று புரிந்துகொண்டேன். இருந்து இருந்து நல்ல வேலைதான் பிடித்திருக்கிறாய். தின்பதும் தூங்குவதும் சின்ன வயதிலிருந்தே உனக்கு நன்றாக வரும். அதற்குக் காசும் கொடுக்கிறார்கள் என்றால் அந்த ஆய்வாளரம்மா ஏமாந்தவர்தான்.

ஊசி குத்துகிறார்களா? ஊசி என்றால் பள்ளிக்கூடக் கழிப்பறையில் ஒளிந்துகொள்வாய். சாப்பாடு சூடாக வருகிறதா?

இங்கே எல்லாம் அப்படியேதான். அடுப்பு வரிசைக்கு இன்னும் நான்தான் தலைவி. வெயிலுக்கும் அடுப்புக்கும் நடுவில் தண்ணீர் குடித்து மாளவில்லை. பாட்டில் பாட்டிலாகக் குடிக்கிறேன். கழிப்பறைக்கு அடிக்கடி போகிறேன் என்று சூப்பர்வைசர் முறைக்கிறான். தேநீர் குடித்தால் கண்ணைச் சொக்குகிறது. காலில் புது ஷூ கடித்த புண், மழைக்காலத்தில் வந்தது, போக மாட்டேன் என்கிறது. வயசாகிறது, வேறென்ன.

சலவைக்கடையை இடித்துவிட்டார்கள். மாடி அறையின் ஒரு சுவர் மட்டும் கொஞ்ச நாள் நின்றது. நாம் அடித்த பச்சை வண்ணம் தெருவிலிருந்தே தெரிந்தது. பேருந்தில் போகும்போதெல்லாம் பார்ப்பேன். இப்போது அதுவும் இல்லை.

வாசலில் நீ சொன்னதை நான் மறக்கவில்லை. அதைச் சொல்லத்தான் எழுதினேன். மற்றதெல்லாம் பேனா தானாக எழுதியது.

அக்கா


மார்ச் 15

அக்காவுக்கு,

சுவர் விழுந்த செய்தியை ஏன் எழுதினாய்? அன்று சாப்பாடே இறங்கவில்லை. சாப்பிட்டே ஆக வேண்டும் என்று நர்ஸம்மா பெட்டிக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டார். தட்டைத் துடைத்துவிட்டுத்தான் திருப்பித் தர வேண்டும். நீ தோற்றாய் போ.

உனக்கு ஒன்று சொல்ல வேண்டும். பானம் குடிக்கும் நாளில் முதலில் நான் ராஜா. சைக்கிள் மிதிக்கிறேன், பாட்டுப் பாடுகிறேன், லாரிக்காரரோடு சுவரில் தட்டிப் பேசிக்கொள்கிறேன். சர்க்கரை விறுவிறுவென்று ரத்தத்தில் ஏறுகிறது. உடம்பு பயந்துபோய் இன்சுலினை வாரி விடுகிறது. அது சர்க்கரையைப் பிடித்துத் தள்ளிக்கொண்டுபோய் உள்ளே அடைக்கிறது. அடைக்கிற வேகத்தில் தேவைக்கு மேலேயே தள்ளிவிடுகிறது. எனக்குச் சர்க்கரை, தொடங்கின இடத்துக்கும் கீழே போய்விடுகிறது. எல்லோருக்கும் அப்படி ஆகாதாம். எனக்கு ஆகிறது. அப்போது கை நடுங்குகிறது. பசிக்கிறது. யாரைப் பார்த்தாலும் எரிகிறது. நேற்று பிளாஸ்திரியைக் கோணலாக ஒட்டினார் என்று நர்ஸம்மாவிடம் கத்தினேன். அவர் திரையைக் காட்டி, "உங்க கோடு கீழ போயிருக்கு, அதான்" என்றார். திட்டியிருந்தால் பரவாயில்லை. கோட்டோடு எப்படிச் சண்டை போடுவது?

முட்டையும் பயறும் வரும் நாளில் அப்படி இல்லை. கோடு கொஞ்சமாக ஏறி, படுத்துக்கிடக்கிறது. அதைச் செரிப்பதற்கே உடம்பு உழைக்கிறது, சாப்பிட்டதும் கதகதப்பாக இருக்கிறது. அடுத்த வேளை வரை பசி எட்டிப்பார்ப்பதில்லை. வெண்ணெய் நாளில் சர்க்கரை அசையவே அசையாது. ஆனால் அன்று எடுத்த ரத்தத்தை மெஷினில் வேகமாகச் சுற்றவிட்டுக் காட்டினார்கள். மேலே நின்ற தண்ணீர் பால் கலந்ததுபோல வெளுத்திருந்தது. தின்றது ரத்தத்தில் மிதப்பதைக் கண்ணால் பார்த்தேன்.

இதெல்லாம் தெரிந்த பிறகு சலவைக்கடை மாடியை நினைத்தேன். நீ ஷிஃப்ட் முடிந்து தொப்பிக்குள் உடைந்த பிஸ்கட்டை வைத்துக்கொண்டு வருவாய். பழைய செய்தித்தாளை விரித்துக் கொட்டுவாய். துண்டுகளைச் சேர்த்து ஒரு முழு பிஸ்கட் ஆக்கினால்தான் வாயில் போடலாம் என்பது உன் சட்டம். சேர்ப்போம், தின்போம், சர்க்கரை கரைத்த தேநீர் குடிப்போம், சிரிப்போம். இருட்டுவதற்குள் சண்டை வந்துவிடும். பென்சிலுக்குச் சண்டை, போர்வைக்குச் சண்டை. கீழே சலவைக்காரர் கம்பால் மேல்தளத்தைக் குத்திக் கேட்பார், "ஆரம்பிச்சாச்சா?" தினமும் அதே நேரம்தான்.

கம்பெனி வாசலில் சண்டை வந்ததும் தேநீர் இடைவேளை முடிந்து வெகுநேரம் கழித்துத்தான். ரெண்டு பேர் வயிற்றிலும் அதே பிஸ்கட், அதே தேநீர். கோடு கீழே கிடந்த நேரம். அங்கே கத்தியது நாம் இல்லை என்று எனக்குத் தோன்றுகிறது. இங்கே உட்கார்ந்து அதைத்தான் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

குச்சி


மார்ச் 20

டேய்,

நாம் கத்தவில்லை, சர்க்கரை கத்தியது. நன்றாக இருக்கிறது. இதைப் படிக்கத்தான் அந்தக் கண்ணாடிப் பெட்டிக்குள் போனாயா?

நடந்ததை நான் சொல்கிறேன், மெஷினுக்குத் தெரியாது. கேன்டீனில் ஓசித் தேநீரும் உடைந்த பிஸ்கட்டும் மட்டும் வைத்திருக்கிறார்கள், ஒரு வேளைச் சாப்பாடு போடச் சொல்ல வேண்டும் என்று நீ ஆள் சேர்த்தாய். மேனேஜர் அறை வரைக்கும் பத்துப் பேர் வந்தார்கள். கதவு திறந்ததும் பார்த்தால் நீ மட்டும்தான் நின்றாய். உள்ளே போய்க் கத்தினாய். மேஜையைத் தட்டினாய். வரிசைத் தலைவிகளைக் கூப்பிட்டு, "இவன் சொல்றது உங்களுக்கும் சேர்த்தா?" என்று கேட்டார்கள். நான் தரையைப் பார்த்துக்கொண்டு, "எனக்குத் தெரியாது சார்" என்றேன். உன்னை வேலையை விட்டு அனுப்பினார்கள். நானும் போயிருந்தால் வாடகைக்கு யார் இருந்தார்கள்? உனக்காகத்தான் வாயை மூடினேன் என்று சொல்ல மாட்டேன். பயந்தேன். அவ்வளவுதான்.

அதற்கு நீ என்ன வேண்டுமானாலும் சொல்லியிருக்கலாம். பயந்தாங்கொள்ளி என்று சொல்லியிருக்கலாம். ஷிஃப்ட் விட்டு அத்தனை பெண்களும் வெளியே வரும்போது நீ சொன்னது வேறு. "நீ என்னத்தப் போட்டு என்னை வளர்த்த? உடைஞ்ச பிஸ்கட்டுதானே." அம்மா போன பிறகு, அப்பா வருகிறேன் என்று போய் வராத பிறகு, பதினேழு வயதில் எனக்கு அதுதான் கிடைத்தது. வேறு எதைப் போட்டிருப்பேன்? பெட்டி ஒட்டுகிறவள் முதல் பெருக்குகிறவள் வரை எல்லோரும் கேட்டார்கள். அன்றிலிருந்து யாரும் என் எதிரில் பிஸ்கட் தின்னமாட்டார்கள், உனக்குத் தெரியுமா?

அந்த வார்த்தை உனக்குச் சர்க்கரையில் வரவில்லை. ரொம்ப நாளாக உள்ளே வைத்திருந்தாய்.

இந்த உறைக்குள் கொஞ்சம் அனுப்பியிருக்கிறேன். தபாலில் நொறுங்கித்தான் வரும். அதனால் என்ன, நீ வளர்ந்ததே அப்படித்தானே.

அக்கா


மார்ச் 27

அக்காவுக்கு,

உன்னால் பெரிய களேபரம்.

உறை பெட்டி வழியாக வந்தது. பருமனாக இருந்தது. அனுப்பிய நர்ஸம்மா புதியவர், தடவிப் பார்க்கவில்லை. பிரித்ததும் மேஜையெல்லாம் தூள். இஞ்சி பிஸ்கட். முதலில் கடிதத்தைப் படித்தேன். நீ குத்திக்காட்டத்தான் அனுப்பினாய், தெரியும். தூக்கிப் போட்டிருக்க வேண்டும். நான் அதைத் தாளில் கூட்டி, பெரிய துண்டுகளைப் பொறுக்கி, ஒன்றோடொன்று பொருந்துகிறதா என்று பார்க்க ஆரம்பித்துவிட்டேன். ஓரத்துப் பல் பல்லான வெட்டு அப்படியே இருந்தது. முக்கால் பிஸ்கட் சேர்ந்தது. மீதிக் கால் பங்கு எவ்வளவு தேடியும் கிடைக்கவில்லை. சட்டப்படி தின்னக் கூடாது. தின்றேன். பிறகு தூளையும் நாக்கால் ஒற்றித் தின்றேன், கடைசிப் பொடி வரை.

அன்று வெண்ணெய் நாள். கோடு தரையோடு தரையாகப் போக வேண்டிய நாள். நான் வாயைத் துடைத்துவிட்டு ஒன்றும் தெரியாதவன்போலப் படுத்துக்கொண்டேன். கையில் ஒட்டிய வில்லை சும்மா இருக்குமா? வெளியே திரையில் கோடு மலையேறிவிட்டது. மூச்சை முகரும் மெஷினும் சேர்ந்துகொண்டது. அதுவரை கொழுப்பை எரித்துக்கொண்டிருந்தவன் திடீரென்று சர்க்கரையை எரிக்கிறான் என்று போட்டுக்கொடுத்துவிட்டது. ஊரில் கோள் சொல்கிற ஆளைப் பார்த்திருக்கிறேன். என் மூச்சே என் மேல் கோள் சொன்னதை இப்போதுதான் பார்க்கிறேன்.

ஆய்வாளரம்மா ஜன்னலுக்கு வந்தார். "ஏதாவது சாப்பிட்டீங்களா?"

"இல்லம்மா."

"மீசையில இருக்கு."

அன்றைய கணக்கு முழுக்க வீண். மறுபடி ஒரு வெண்ணெய் நாள். அனுப்பிவிடுவார்கள் என்று நினைத்தேன், அனுப்பவில்லை. ஆனால் அவர் அந்தக் கோட்டை விடவே இல்லை. என்னை வெளியே கூப்பிட்டு உட்கார வைத்தார். இவ்வளவு கொஞ்சத்துக்கு இவ்வளவு உயரம் ஏறக் கூடாது, ஏறினாலும் இத்தனை நேரம் மேலேயே நிற்கக் கூடாது என்றார். பான நாள் கோடுகளையும் எடுத்துப் பக்கத்தில் வைத்தார். எனக்கு இன்னும் வியாதி இல்லை. போகிற வழி அதுதான். கூடப் பிறந்தவர்கள் உண்டா, அவர்களுக்குச் சர்க்கரை உண்டா என்று கேட்டார்.

தெரியாது என்று சொல்ல வாயெடுத்தேன். அப்போதுதான் உன் முதல் கடிதம் நினைவுக்கு வந்தது. பாட்டில் பாட்டிலாகத் தண்ணீர். அடிக்கடி கழிப்பறை. தேநீர் குடித்ததும் தூக்கம். மழைக்காலத்தில் வந்த புண். அவரிடம் அப்படியே சொன்னேன். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "உடனே ரத்தம் பார்க்கச் சொல்லுங்க. அந்தக் கால் புண்ணை விடாதீங்க."

நான் வளர்ந்த சாப்பாட்டைத்தான் நீயும் தின்றாய். என்னைவிட அதிக வருஷம். இப்போதும் தின்கிறாய். வாசலில் சொன்னதைப் பற்றி நேரில் பேசலாம், நீ அடித்தாலும் சரி. முதலில் போய் ரத்தம் கொடு.

குச்சி


ஏப்ரல் 1

குச்சிக்கு,

மீசையில் ஒட்டியிருந்தது என்று படித்ததும் சிரித்துவிட்டேன். பேருந்தில் பக்கத்தில் இருந்தவள் திரும்பிப் பார்த்தாள். எட்டு வயதில் நீ ஜாம் திருடினபோதும் "இல்ல" என்றுதான் சொன்னாய், மூக்கு நுனியில் ஜாமோடு.

ரத்தம் பார்க்க மாட்டேன்.

உனக்கு நெட்டையைத் தெரியும். மாவு பிசைகிற பக்கம் இருந்தாளே, உன்னைத் தூக்கித் தராசில் உட்கார வைப்பாளே, அவள்தான். அவளுக்குச் சர்க்கரை என்று கம்பெனி டாக்டர் எழுதினார். மயக்கம் வந்து மெஷினில் விழுந்தால் யார் பொறுப்பு என்று வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அவள் மயங்கி யாரும் பார்த்ததில்லை. என்னையும் அடுப்புப் பக்கம் நிற்கக் கூடாது என்பார்கள். அடுப்புப் பக்கம் நிற்காத நான் யார்? இத்தனை வருஷத்தில் எனக்குத் தெரிந்த ஒரே வேலை, பிஸ்கட் நிறம் மாறுகிற நொடியைப் பார்த்து வரிசையை நகர்த்துவதுதான். தெரியாமல் இருக்கிற வரைக்கும் எனக்கு வியாதி இல்லை. தெரிந்துகொண்டால் வேலை இல்லை. எது நல்லது என்று நீயே சொல்.

துண்டு சேர்க்கிற விளையாட்டை எழுதியிருந்தாய். அதை நான் ஏன் வைத்தேன் என்று உனக்கு இதுவரை சொன்னதில்லை. நீ கண்ணை மூடித் திறப்பதற்குள் தின்று முடித்துவிடுவாய். முடித்துவிட்டு என் பங்கைப் பார்ப்பாய். கேட்க மாட்டாய், பார்ப்பாய். அதைத் தாங்க முடியாது. சேர்க்கச் சொன்னால் தேடிக்கொண்டே இருப்பாய், கொஞ்சம் அதிக நேரம் தின்றதுபோல இருக்கும். சில நாள் ஒரு துண்டை என் கைக்குள்ளேயே ஒளித்து வைத்துக்கொள்வேன், சீக்கிரம் சேர்ந்துவிடக் கூடாது என்று. நீ அதைக் கண்டுபிடித்ததே இல்லை.

அந்த அறையில் ரெண்டு பேரும் ஒல்லியாக, ரெண்டு பேரும் சத்தமாக இருந்தோம். இப்போது வீடு பெரிது. சத்தம் இல்லை.

புண்ணுக்கு மருந்து போடுகிறேன். அதோடு விடு.

அக்கா


ஏப்ரல் 5

அக்காவுக்கு,

இன்று முட்டை நாள். வயிறு நிறைந்திருக்கிறது. கோடு நேராக இருக்கிறது, நர்ஸம்மாவிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன். அதனால் இந்தக் கோபம் சர்க்கரையில் வந்தது என்று நீ சொல்ல முடியாது. இது அசல் கோபம்.

அவர்கள் உனக்கு என்ன செய்கிறார்கள் என்று பார். இருபது வருஷமாக உடைந்ததையும் கருகியதையும் ஓசியில் தள்ளிவிட்டார்கள். விற்க முடியாததை உங்கள் வயிற்றில் கொட்டினார்கள். குப்பைத்தொட்டிக்குச் செலவு உண்டு, உங்கள் வாய்க்குச் செலவு இல்லை. அதற்குச் சலுகை என்று ஒரு பெயர். உட்கார்ந்து சாப்பிட நேரம் கிடையாது, சாப்பாடு கொண்டுவந்தால் சூடுபண்ண இடம் கிடையாது. தின்று தின்று ரத்தம் கெட்டதும், ரத்தம் கெட்டவளுக்கு இங்கே வேலை இல்லை என்று வாசலைக் காட்டுகிறார்கள். நெட்டை மெஷினில் விழுந்தால் யார் பொறுப்பு என்று கேட்டார்களே, அவள் ரத்தத்துக்கு யார் பொறுப்பு என்று ஒருத்தராவது திருப்பிக் கேட்டீர்களா?

இதை நான் அன்றைக்கு மேனேஜர் அறையில் சொல்லியிருக்க வேண்டும். எனக்கு அப்போது இதெல்லாம் தெரியாது. பசிக்கிறது என்று மட்டும்தான் தெரியும்.

லாரிக்காரருக்கு ஒரு அண்ணன் இருந்தாராம். கால் புண்ணுக்கு மருந்து போட்டுக்கொண்டே இருந்தாராம். முதலில் விரல், பிறகு பாதம். மேலே நான் எழுதப்போவதில்லை.

உன் கைக்குள் ஒரு துண்டு இருந்தது எனக்குத் தெரியும். எப்போதும் தெரியும். நீ விரலை மடக்கி வைத்திருப்பாய். நான் வேண்டுமென்றே தேடுவேன், மேஜைக்கு அடியில், பாய்க்கு அடியில். நீ சிரிப்பை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பாய். அதைப் பார்க்கத்தான் தேடினேன். அந்த முகத்தை வைத்துக்கொண்டுதான் இத்தனை வருஷம் ஓட்டியிருக்கிறேன். அது எனக்கு வேண்டும். ரத்தம் பார்.

குச்சி


ஏப்ரல் 16

குச்சிக்கு,

தாமதமாகிவிட்டது. ஒவ்வொன்றாகச் சொல்கிறேன், நடுவில் குதிக்காமல் படி.

உனக்கு எல்லாம் தெரிந்திருந்ததா? திருட்டுப் பயலே. அந்த வரியைப் படித்துவிட்டுத்தான் போனேன், லாரிக்காரரின் அண்ணனுக்குப் பயந்து இல்லை.

கம்பெனி டாக்டரிடம் போகவில்லை. கடைத்தெரு மாடியில் இருக்கிற ஆய்வகத்துக்குப் போனேன். வெறும் வயிற்றில் ஒரு தடவை, இனிப்புத் தண்ணீர் குடிக்கவைத்து ஒரு தடவை. நீ எழுதினதெல்லாம் நினைத்துக்கொண்டே பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். இப்போது ஏறுகிறது, இப்போது இன்சுலின் வந்து தள்ளுகிறது என்று. எனக்குத் தள்ள ஆள் வரவில்லை. ஏறினது ஏறினபடியே நின்றது. தாளைப் பார்த்த டாக்டர் என் காலைத்தான் முதலில் பார்த்தார். நல்லவேளை, இப்போதாவது வந்தீர்கள் என்றார். மாத்திரை கொடுத்திருக்கிறார். புண்ணைச் சுத்தம் செய்து கட்டினார். வலித்தது. உன்னைத் திட்டினேன்.

பிறகு சாப்பாட்டை மாற்றினேன். காலையில் முட்டையும் பயறும். முதல் நாள் மென்று முழுங்க முடியவில்லை, நாக்கு இனிப்பைக் கேட்டது. இடைவேளையில் டப்பாவைத் திறந்தால் பெண்கள் சிரித்தார்கள். கோழி நம்மகூட வேலைக்கு வருது என்றார்கள். ரெண்டு நாள் கழித்து ஒருத்தி பக்கத்தில் வந்து மெதுவாகக் கேட்டாள், "உனக்குமா?" அவள் பையில் மாத்திரை இருந்தது. ஒளித்து வைத்திருந்தாள். பிறகு இன்னொருத்தி. எங்கள் மேஜையில் எத்தனை பேர் என்று சொன்னால் நீ திரும்பவும் பக்கம் பக்கமாக எழுதுவாய், அதனால் சொல்லவில்லை.

போன திங்கட்கிழமை மேனேஜர் அறைக்குப் போனேன். நீ கேட்டதையேதான் கேட்டேன். சாப்பாட்டுக்கு நேரம், சூடுபண்ண ஓர் அடுப்பு, நெட்டைக்கு உட்கார்ந்து பார்க்கிற வேலை. ஒரே ஒரு வித்தியாசம். நீ வயிறு காய்ந்து போய்க் கேட்டாய். நான் சாப்பிட்டுவிட்டுப் போய்க் கேட்டேன். கை நடுங்கவில்லை. குரல் ஏறவில்லை. எனக்குச் சர்க்கரை இருக்கிறது சார், இதோ தாள், இது உங்க கேன்டீன்ல வந்தது என்றேன். பின்னால் கதவு திறக்கும் சத்தம் கேட்டது. உன்னை விட்டுவிட்டு ஓடினதுபோல ஓடுகிறார்கள் என்று நினைத்தேன். திரும்பினால் என் மேஜைக்காரிகள் உள்ளே வந்து நிற்கிறார்கள். மாத்திரை வைத்திருந்தவளும்.

மேனேஜர் யோசிக்கிறேன் என்றார். யோசிங்க சார், நிற்கிறோம் என்றேன். அவர் மேஜையில் ஒரு தட்டு நிறைய நம் பிஸ்கட், உடையாதது. தேநீரோடு ஒன்றொன்றாகத் தின்றுகொண்டே போனில் பேசினார், தாளைப் புரட்டினார். நாங்கள் நின்றோம். வெளியே அடுப்பு வரிசை ஓடாமல் நின்றது. அவர் நெற்றியைத் தடவ ஆரம்பித்தார், நாற்காலியில் நெளிந்தார். சர்க்கரை இறங்குகிறதோ என்று எனக்குத் தோன்றியது. நான் நிமிர்ந்து நின்றேன், எனக்குள் முட்டை இருந்தது. கடைசியில் கோபமாக, "அடுப்பு வெச்சுக்கங்க, போங்க" என்றார். நேரத்தைப் பற்றியும் நெட்டையைப் பற்றியும் மேலே கேட்டுச் சொல்கிறாராம். அடுத்த திங்களும் போவோம்.

எனக்கு அடுப்பு வரிசை போய்விட்டது. பெட்டி ஒட்டுகிற மேஜையில் போட்டிருக்கிறார்கள். தலைவி பட்டமும் இல்லை, அதற்கான காசும் இல்லை. முதல் நாள் அழுதேன். இப்போதும் காற்றில் வாசனை வந்தால் கை தானாக நகர்கிறது, இந்த நொடி எடுக்க வேண்டும் என்று. பசை வாளி முன்னால் உட்கார்ந்து கையை மடக்கி வைத்துக்கொள்கிறேன்.

வாசலில் நீ சொன்னதைப் பற்றி. எனக்கு இன்னும் ஆறவில்லை. உண்மை என்பதால்தான் ஆறவில்லை என்று நினைக்கிறேன். அதைப் பற்றிப் பேச வேண்டும். நன்றாகக் கத்திப் பேச வேண்டும். கடிதத்தில் கத்தினால் எனக்கே கேட்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை உன்னை வெளியே விடுகிறார்கள் என்று எழுதியிருந்தது உறையின் மேல், உன் கையெழுத்தில், கேட்காதவளுக்குச் சொல்வதுபோல. நேராக வீட்டுக்கு வா. அந்த ஆய்வாளரம்மாவிடம் என் வணக்கத்தைச் சொல், மெஷினைக் கெடுத்ததற்கு என் பெயரைச் சொல்லிவிடு. வீட்டில் பிஸ்கட் கிடையாது. பயறு வேகவைத்திருப்பேன், முட்டை இருக்கும்.

வந்ததும் ஆரம்பிக்காதே. முதலில் சாப்பிடு. நானும் சாப்பிடுகிறேன். பிறகு சண்டை போடலாம்.

அக்கா